விசிறி மண்டபத்துக் கூரை

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெள்ளியும் சனியும்தான் அங்கே விடுமுறை. "ஞாயித்துக்கெழம காலையில ஆபீசர் வராரு, அதுக்குள்ள நீங்க கூரையப் பார்த்துச் சொல்லிடணும்" என்று பரமேஸ்வரி கேட்டபோது, விடுமுறை நாளில்கூட வேலை பார்க்கும் அரசு அதிகாரியா, இந்த நாடு முன்னேறியதற்கு இதுதான் காரணம் என்று வாயைப் பிளந்தேன். விஷயம் தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

சென்னையில் பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பினாங்கில் ஒரு கருத்தரங்கில் பேசி முடித்துவிட்டு, பெயர் தெரியாத ஏதோ பச்சை நிறப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் பரமேஸ்வரி வந்து தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் ஒரு மண்டபம். சின்ன வயதில் காகிதத்தை மாற்றி மாற்றி மடித்து விசிறி செய்வோமே, அதே மாதிரி மேடும் பள்ளமுமாக மடிந்த ஒரு கான்கிரீட் கூரை. கீழே ஒல்லியான தூண்கள். சுவருக்குப் பதிலாக ஓட்டை ஓட்டையான சிமெண்டுக் கற்கள். அறுபதுகளில் இந்த மாதிரிக் கட்டடங்களை உலகமெங்கும் ஆசை ஆசையாகக் கட்டினார்கள். ரப்பர் தோட்டத்து நடுவில் ஒன்றைக் கட்டியிருப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை.

"தோட்டத்து ஜனங்களுக்காகக் கட்டுன மண்டபம் மேடம். இத மியூசியமா மாத்தணும்னு நாங்க ஒரு கமிட்டி வச்சிருக்கோம். கூரை ஒழுகுது. மொதல்ல வந்த எஞ்சினியர் உடைச்சிரலாம்னு எழுதிக் கொடுத்துட்டாரு. நீங்க ஒரு தடவ வந்து பார்த்தா போதும் லா." அங்கே பேச்சின் வாலில் சும்மா ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

கூரை தாங்கும் என்றால் அருங்காட்சியகம். தாங்காது என்றால் இடித்துவிட்டு அந்த இடத்தில் கடை வரிசை. இரண்டில் எது என்று அரசாங்கம் முடிவு செய்ய ஒரே ஒரு அதிகாரி ஒரே ஒரு நாள் வந்து பார்க்கப் போகிறார். விமான டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். வீட்டில் கேட்டதற்கு, "ஒரு கூரையைப் பார்க்கணும்" என்றேன். "இங்கே நம்ம வீட்டுக் கூரை ஒழுகறதே, அதை எப்போ பார்ப்பே?" என்று என் கணவர் கேட்டார். அழைப்பு துண்டிக்கப்பட்டது. துண்டித்தது நான்தான்.

புதன்கிழமை பரமேஸ்வரியும் அவர் கணவர் செல்வம் அண்ணனும் என்னை அழைத்துப் போக ஒரு பள்ளிக்கூட வேனில் வந்தார்கள். அண்ணன் ஓட்டுவது அந்த வேனைத்தான். பரமேஸ்வரி சுங்கை பட்டாணியில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்ததும் இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "பசியாறிட்டீங்களா?"

இந்தக் கேள்வியை அங்கே எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிறார்கள். நம் ஊரில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டால் "ஆச்சு" என்றதும் பேச்சு முடிந்துவிடும். இங்கே ஆச்சு என்று சொன்னாலும் விடுவதில்லை. வழியில் ஒரு கடையில் நிறுத்தி ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார்கள். நம் பரோட்டா வெளிநாட்டுக்குப் போய் உடம்பு மெலிந்து நிறம் கூடி வந்தால் எப்படி இருக்கும், அதுதான் ரொட்டி சானாய். மூன்று தின்றேன். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. அதில் யாரோ சர்க்கரை போட்டிருந்தார்கள். அதையும் மன்னித்தேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு என்பதால், காலையில் நானும் பிள்ளைகளோடு பிள்ளையாக வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனேன். எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு வண்டி கோலா கெத்தில் பக்கம் திரும்பியது. இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. ரப்பர் மரங்கள் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் வெட்டிட்டு செம்பனை போட்டுட்டான். நம்ம ஆளுங்களும் டாமான் வீட்டுக்குப் போயிட்டாங்க. இந்தப் பக்கம் தீம்பார்னு சொல்லிக்க மண்டபம் ஒண்ணுதான் மிச்சம்" என்றார் அண்ணன். டாமான் என்றால் புதுக் குடியிருப்பு, தீம்பார் என்றால் தோட்டம்.

செம்பனைகளின் தலைக்கு மேலே அது திடீரென்று தெரிந்தது. படத்தில் பார்த்ததைவிட அழகு. யாரோ இப்போதுதான் மடித்து வைத்துவிட்டுப் போனது போல, அத்தனை கனமான கான்கிரீட் அத்தனை லேசாக நின்றது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் பொறியாளர்கள் பேசாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் உள்ளே போனதும் வேறு மாதிரிப் பேச வேண்டி வரும்.

உள்ளே தரை முழுக்க வாளிகள். ஒழுகும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று. மழை இறங்கினால் எந்த வாளி முதலில் நிறையும் என்பது பரமேஸ்வரிக்கு அத்துப்படி. ஒரு நீள மேசையில் அருங்காட்சியகத்துக்காக மக்கள் கொடுத்த பொருட்கள் இருந்தன. போய்ப் பார்த்தேன். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டுக் கத்தி. அதற்குப் பக்கத்தில் பால்வெட்டுக் கத்தி. அதற்கும் பக்கத்தில் இன்னொரு பால்வெட்டுக் கத்தி. மேசையின் அந்தக் கோடி வரைக்கும் அதுதான்.

"எல்லாரும் இதையேதான் கொண்டாந்து கொடுக்கறாங்க மேடம். முன்ன ஒரு தடவ வந்த வேற ஆபீசரு பார்த்துட்டு, இந்தக் கத்தி இல்லாத மியூசியம் ஏது, வேற என்ன வச்சிருக்கீங்கன்னு கேட்டாரு. எனக்கு மானமே போச்சு."

கூரையில் எப்போதாவது பழுது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "ரிப்பேரா? ஒரு நாளும் இல்ல" என்றார் பரமேஸ்வரி. அண்ணனும் தலையாட்டினார்.

ஏணி வைத்து மேலே ஏறினேன். சருகும் பாசியுமாக, கல் போல் இறுகிக் கறுப்பாக இருந்தது. அந்தக் காலத்தில் தார் பூசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மடிப்புகளின் பள்ளங்களில் குளம் போல் தண்ணீர் நின்றது. நல்ல கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும். உள்ளே பிளந்து விட்டுப்போயிருந்தால் மொத்தென்று கேட்கும். தட்டினேன். மொத். நகர்ந்து தட்டினேன். மொத். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் தட்டினேன். கணீர் என்ற சத்தம் ஓரிடத்திலும் வரவில்லை. முதலில் வந்த பொறியாளர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

கீழே இறங்கி உண்மையைச் சொன்னேன். மழுப்பிச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன். "கூரை முழுக்கவே விட்டுப்போன மாதிரி இருக்கு. ஓரிடத்தில் குடைந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள்."

பரமேஸ்வரி ஒரு வாளியை எடுத்து வெளியே கொட்டிவிட்டு வந்து அதே இடத்தில் வைத்தார். பிறகுதான் சொன்னார்: "நாங்க குடியிருந்த லயத்த உடைச்சாங்க, நான் அழல மேடம். பள்ளிக்கூடத்த உடைச்சாங்க, சரின்னு விட்டேன். இதுவும் போச்சுன்னா, இங்க நாங்க இருந்தோம்னு என் புள்ளைங்களுக்கு எதக் காட்டுவேன்?"

திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் இரண்டு மலாய்ப் பெரியவர்கள் எங்களைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டு எனக்கு மொழிபெயர்த்தார். "விசிறிய உடைக்கப் போறாங்களாம்னு ஒருத்தரு சொல்றாரு. அப்போ என் வீட்டுக்கு வரவங்களுக்கு எங்க திரும்பணும்னு நான் எப்படி வழி சொல்றதுன்னு இன்னொருத்தரு கேக்கறாரு." அவருடைய கவலை எனக்குப் பிடித்திருந்தது. அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் கவனித்தேன். பரமேஸ்வரி யாரிடமும் பசியாறிவிட்டீர்களா என்று கேட்கவில்லை.

கான்கிரீட்டைக் குடைந்தெடுக்கும் இயந்திரம் பாலிங்கில் ஒருவரிடம் இருக்கிறது, சும்மாவே தருகிறார் என்று தெரிந்து வெள்ளிக்கிழமை கிளம்பினோம். பாதி வழியில் வேனின் முன்பக்கத்திலிருந்து ஆவி பறந்தது. அண்ணன் நிதானமாக இறங்கி, நிதானமாக மூடியைத் திறந்து, அதைவிட நிதானமாக ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "தாப்பா லா, மேடம்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். எனக்குப் பரவாயில்லை என்று இருக்கவில்லை. இன்னும் ஒரே நாள்தான் இருக்கிறது, இவர் இப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்று கோபம் தலைக்கேறியது. சென்னையில் வண்டி நின்றால் நாலு பேர் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இங்கே ஒரு மோட்டார் சைக்கிள்காரர் நின்றார், ஒரு புட்டித் தண்ணீரை ஊற்றினார், பேரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

பாலிங் போய்ச் சேர்ந்தால் கடை பூட்டியிருந்தது. உரிமையாளர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார். காத்திருந்தோம். எதிரே டுரியான் பழம் விற்றார்கள். டுரியானைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட எச்சரிக்கைகள் வந்திருந்தன. கோபத்தில் இருந்தவள் என்பதால் துணிந்து தின்றேன். வெங்காயத்தையும் பால்கோவாவையும் ஒரே டப்பாவில் மூடி வைத்தது போல் இருந்தது. இரண்டாவது சுளையில் கோபம் போய்விட்டது. தொழுகை முடிந்து வந்த உரிமையாளர் இயந்திரத்தைக் கொடுத்து, எதற்கு என்று கேட்டார். பரமேஸ்வரி சொன்னார். அவர் தன் பங்குக்கு இன்னொரு டுரியானையும் வேனில் வைத்தார். வழி நெடுக ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வந்தோம்.

சனிக்கிழமை கூரையில் இயந்திரத்தைப் பொருத்தினேன். அண்ணன் தண்ணீர் ஊற்ற, பரமேஸ்வரி பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். குடையும் உருளை கொஞ்சம் இறங்கியது, முனகியது, புகைந்து நின்றுவிட்டது. இரவல் இயந்திரத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பதறி வெளியே இழுத்தேன். உருளை நிறைய, கான்கிரீட்டுக்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ அடைத்திருந்தது.

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "இது கித்தா வாசனையால்ல இருக்கு?" அங்கே ரப்பருக்குப் பெயர் கித்தா.

"தார் இல்லையா இது?" என்றேன்.

பரமேஸ்வரி முழங்காலிட்டு உட்கார்ந்து அந்தப் பிசுபிசுப்பை இழுத்துப் பார்த்தார். அது நீண்டது. விட்டார். பழையபடி சுருங்கியது. "ஐயோ மேடம், இது கல்யாணப் பாலு!"

அதற்குப் பிறகு இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். அந்த மண்டபத்துக்கு வாடகை என்று எப்போதும் இருந்ததில்லை. அங்கே கல்யாணம் செய்துகொண்டவர்கள் மறுநாள் காலை மேலே ஏறி, கூரையில் ஒரு வாளி கித்தாப் பாலை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். அதுதான் முறை. அப்படிச் செய்தால் மண்டபமும் ஒழுகாது, குடும்பமும் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. தோட்டத்தில் செம்பனை வந்த பிறகும் விடவில்லை. பக்கத்துச் சின்னத் தோட்டங்களில் பால் வாங்கி வந்து ஊற்றினார்கள். சில வருஷங்களுக்கு முன் மண்டபத்தை மூடும் வரை இது நடந்திருக்கிறது.

"கூரையில எதுவும் செஞ்சதில்லேன்னு சொன்னீங்களே!" என்று கத்தினேன்.

"நீங்க ரிப்பேரான்னு கேட்டீங்க. இது ரிப்பேரா மேடம்? இது கல்யாணம் லா" என்றார் பரமேஸ்வரி.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக ஊற்றிய பால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடி, பள்ளத்தின் கோடியில் தேங்கி உறைந்திருக்கிறது. மழைநீர் வெளியேறும் வாய் அங்கேதான் இருக்க வேண்டும். நம் ஊர் மொட்டை மாடியில் அந்த ஓட்டையைப் பிள்ளைகளின் பந்து அடைக்கும். இங்கே கல்யாணங்கள் அடைத்திருக்கின்றன. தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி ஒழுக, ஒழுகுகிறதே என்று அடுத்த ஜோடி இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றியிருக்கிறது. நான் சுத்தியலால் தட்டியது கூரையை அல்ல. இந்தத் தோட்டத்துக் கல்யாணங்களை.

"இதை முழுக்க உரிக்கணும். இன்றைக்கே" என்றேன். எதை வைத்து உரிப்பது என்றுதான் தெரியவில்லை. மண்வெட்டி போட்டால் கான்கிரீட் சிதையும். நான் யோசித்து முடிப்பதற்குள் பரமேஸ்வரி ஏணியில் பாதி இறங்கியிருந்தார். திரும்பி வந்தபோது அவர் புடவைத் தலைப்பில் மேசையிலிருந்த பால்வெட்டுக் கத்திகள் கலகலவென்று கிடந்தன.

வாட்ஸ்அப்பில் செய்தி போனது. டாமான்களிலிருந்து மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்தக் கூரையில் பால் ஊற்றியவர்கள் பாதிப் பேர். கத்திகளைத் தாங்களே கொடுத்தவர்கள்தான், இருந்தாலும் என் கத்தி எது, உன் கத்தி எது என்று சண்டை போட்டு எடுத்துக்கொண்டார்கள். மெல்லிய வெட்டு போட்டு, நாலு பேர் சேர்ந்து இழுக்க, அந்தத் தோல் பாய் சுருட்டுவது போல் சுருண்டு வந்தது. மேலடுக்கு வெயிலில் கருகி வெடித்திருந்தது. அடியில் இருந்தவை இன்னும் தேன் நிறத்தில் வளைந்து கொடுத்தன. அடுக்குகள் தனித்தனியாகப் பிரிந்தன. இடையில் ரப்பர் இலைகளின் அச்சு, துடைப்பக் குச்சி, ஒரு கண்ணாடி வளையல் துண்டு.

ஓர் அடுக்கில் வெறுங்கால் தடம் ஒன்று ஆழமாகப் பதிந்திருந்தது. பால் உறைவதற்குள் அவசரப்பட்டு மிதித்த கால். அண்ணன் செருப்பைக் கழற்றி அதில் தன் காலை வைத்துப் பார்த்தார். "இது நான்தான் லா. ஈரத்துல வழுக்கி உன் மேல விழுந்தேனே, பரமு."

"ஒன் காலு அவ்ளோ சின்னதாவா இருந்திச்சு? இது வேற யாரோ" என்றார் பரமேஸ்வரி. ஆனால் அந்தத் துண்டை மட்டும் வேறு யாரையும் சுருட்ட விடவில்லை, தானே மெதுவாகச் சுருட்டினார்.

உரித்த இடத்தில் வெளுப்பான கான்கிரீட் தெரிந்தது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சுத்தியலை எடுத்தேன். தட்டினேன். கணீர்.

அடுத்த மடிப்பிலும் கணீர். அதற்கடுத்ததிலும். கோடியில் இருந்த ஒரே ஒரு மடிப்பு மட்டும் மொத்தென்றது. தண்ணீர் அங்கே உள்ளே புகுந்து கம்பியைத் தின்றிருந்தது. அதை மாற்றிக் கட்ட வேண்டும். மற்றவை எல்லாம் என்னைவிட ஆரோக்கியமாக இருந்தன. நான் சொன்னதும் பரமேஸ்வரி என் சுத்தியலைப் பிடுங்கித் தானே தட்டினார். அப்புறம் ஆளாளுக்கு வாங்கித் தட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் பள்ளங்களின் கோடியில் அடைந்திருந்த கட்டிகளையும் வெட்டி எடுத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் திறந்தது.

ஞாயிறு காலை அதிகாரி என்சிக் ஹபீஸ் வந்தார். என்சிக் என்றால் நம் ஊர் 'திரு'. இளைஞர், பளபளக்கும் காலணி, பழைய அறிக்கை கையில். வரும்போதே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன், பரமேஸ்வரி மலாயில் சொன்னார், இரண்டையும் விட வேகமாக அண்ணன் கையாலேயே சொன்னார். அதிகாரி ஏணியில் ஏறி, காலணியைப் பற்றிக் கவலைப்படாமல் கூரை முழுக்க நடந்து, தானும் தட்டிப் பார்த்தார். இறங்கி வந்ததும் மேசையைப் பார்த்தார். கத்திகள் இல்லை. அந்த இடத்தில் சுருட்டி வைத்த கித்தாத் தோல் இருந்தது.

இது என்ன என்று கேட்டார். பரமேஸ்வரி ஒரு சுருளை விரித்தார். அடுக்குகளைக் காட்டி, இது இன்னார் கல்யாணம், இது அவர்கள் மகள் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் ஊகம்தான் என்பது எனக்குத் தெரியும். கால் தடம் இருந்த துண்டு வந்தபோது, "இது எங்க கல்யாணம்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதிகாரி குனிந்து அந்தத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். பரமேஸ்வரி எனக்கு மொழிபெயர்க்க மறந்து அந்தத் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அண்ணன்தான் சொன்னார்: "இந்த மாதிரி எந்த மியூசியத்துலயும் பார்த்ததில்லேங்கறாரு. உடைக்கணும்னு போட்ட அறிக்கைய அவரே திருப்பி அனுப்பிடறாராம். அந்த ஒரு மடிப்ப மட்டும் சரி பண்ணச் சொல்றாரு."

அப்போது மழை பிடித்தது. கெடா மழை தூறலில் ஆரம்பிப்பதில்லை. சத்தம் கேட்டதும் பரமேஸ்வரி பழக்கதோஷத்தில் ஓடினார். நேற்று ஓரமாக அடுக்கி வைத்த வாளிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து, அந்தந்த இடத்தில் வைக்கப் போய், அப்படியே நின்றுவிட்டார். வெளியே ஒவ்வொரு மடிப்பின் கோடியிலிருந்தும் தண்ணீர் வளைந்து பாய்ந்து தரையில் விழுந்தது. இந்த மண்டபத்தைக் கட்டியவர் இதைத்தான் கனவு கண்டிருப்பார். உள்ளே, மாற்றிக் கட்டச் சொன்ன அந்த ஒரு மடிப்பில் மட்டும் சொட்டியது. மற்ற இடங்களில் ஒரு துளி இல்லை.

பரமேஸ்வரி அண்ணாந்து பார்த்தார். முகம் நனைந்திருந்தது, ஆனால் அது கூரையிலிருந்து வந்த தண்ணீர் இல்லை. பிறகு சொட்டிய இடத்தில் ஒரு வாளியை வைத்தார். வேலையில்லாமல் போன வாளிகளில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதிகாரியை உட்காரச் சொன்னார். எனக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. கடைசியில் தனக்கும் ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, வியாழக்கிழமையிலிருந்து கேட்காத கேள்வியை எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்:

"பசியாறிட்டீங்களா?"